கடற்கரையிலும் திட்டுகளிலும் கூடாரமிட்டுத் தங்குவோர் அறிய வேண்டிய உடல்நலச் செய்திகள்

கடலூர் மாவட்டத்தின் கடற்கரை வடக்கே தென்பெண்ணை முகத்துவாரத்தையும் தெற்கே கொள்ளிடத்தையும் எல்லைகளாகக் கொண்டது. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை, சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் ஆகிய இடங்களுக்குப் பகலில் வந்து மாலையில் திரும்பிய காலம் மாறி, கூடாரம் கொண்டு வந்து ஓர் இரவேனும் தங்கிச் செல்ல விரும்புவோர் இப்போது பலர். மாசி மகத் தீர்த்தவாரிக்கு முதல் நாள் இரவே வந்து மணலில் உறங்குவோரும் உள்ளனர். அத்தகையோருக்காகவே இந்த விளக்கம்.

வீடு நமக்குத் தரும் பாதுகாப்பை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. உயர்ந்த தளம், கதவு, கட்டில், குழாய் நீர், கழிப்பறை, வாசலில் சாலை ஆகிய அனைத்தும் கூடாரத்தில் ஒரே இரவில் இல்லாமல் போகின்றன. கடலோரத்தில் தங்குவோர் சுறாவையும் நரியையும் எண்ணி அஞ்சுவது வழக்கம். ஆனால் உயிருக்கு ஊறு செய்பவை பெரும்பாலும் ஓசையின்றி வருபவை: வலியே தெரியாத பாம்புக்கடி, முகத்துவாரத்து நீரோட்டம், ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல். இம்மூன்றிலும் மருத்துவமனையை எட்டும் நேரமும் மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் செய்தியுமே பிழைப்பைத் தீர்மானிக்கின்றன.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குள்ள அலையாத்திக் காடு ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில், கால்வாய்களால் பிரிக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகளாக அமைந்தது. இது காப்புக்காடு. பகலில் படகில் சுற்றிப் பார்க்கலாம். வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே இறங்குவதோ இரவில் தங்குவதோ கூடாது. இது சட்டம் பற்றிய செய்தி மட்டுமன்று. திட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் உடல் நலம் குன்றினால், படகு வரவேண்டும், கால்வாயில் போதிய நீர் இருக்கவேண்டும், அதன் பின்னரே சாலையில் நிற்கும் ஆம்புலன்சை அடைய இயலும்.

ஆகவே எங்குத் தங்கினாலும் மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைப் பேருந்து நிலையத்திலிருந்து கணக்கிடாமல், உங்கள் கூடாரத்திலிருந்து கணக்கிடுங்கள். முகத்துவாரத்தைப் படகில் கடந்து அப்பாலுள்ள மணல் திட்டுக்குச் செல்வோர், தம்மை இறக்கிவிட்ட படகுக்காரரின் தொலைபேசி எண்ணை வைத்திருப்பதுடன், இரவில் அழைத்தால் வருவாரா என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். வரமாட்டார் எனில் அவ்விடத்தில் இரவு தங்காதிருப்பதே நன்று.

கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது; ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முழுநிலவு, அமாவாசை நாள்களை ஒட்டி ஓதம் மிகுந்து நிற்கும். திருமுட்டம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் மாசி மகமும் முழுநிலவை ஒட்டியே வருவதால், மாலையில் வறண்டு கிடந்த மணல் பின்னிரவில் நனைவதில் வியப்பில்லை. கரையில் பாசியும் கிளிஞ்சலும் குச்சிகளும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பாருங்கள். அண்மைய ஓதம் ஏறிய எல்லை அது. அதற்கு மேலே, நன்கு தள்ளிக் கூடாரமிட வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது தமிழ்நாட்டில் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. பிச்சாவரத்தை அடுத்துக் கடலோரமாக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அன்று பேரழிவுக்கு உள்ளானது; அங்கு வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பின்னர் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தன. இப்போது ஐதராபாத்திலுள்ள ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்கி வருகிறது. எனினும் நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ எச்சரிக்கைக்குக் காத்திராமல், பொருள்களை விட்டுவிட்டு உள்நாட்டை நோக்கிச் செல்லுங்கள். வெளியேறும் வழியைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்து வைப்பது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இம்மாதங்களில் கடற்கரையில் கூடாரமிடுவதைத் தவிர்க்கவும். இடியோசை கேட்டால் கூடாரத்துள் ஒடுங்காமல் கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்லவும். துணியும் கம்பியும் மின்னலைத் தடுப்பதில்லை.

தில்லை மரம்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் இன்றும் வளர்கிறது. நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே. அதன் பட்டையைக் கீறினாலோ இலையைக் கிள்ளினாலோ வெண்மையான பால் வடியும். அப்பால் தோலில் பட்டால் கொப்புளமும் எரிச்சலும் உண்டாகும். கண்ணில் பட்டால் கடும் வலியுடன் தற்காலிகமாகப் பார்வை மங்கக்கூடும். கூடாரத்துக்கு முளை சீவவோ அடுப்பெரிக்கவோ காட்டோரத்தில் மரம் வெட்டுவோர் இதை அறியாமல் துன்புறலாம். பச்சை விறகின் புகையும் கண்ணை உறுத்தும். அலையாத்தி மரம் எதையும் வெட்டாதிருத்தலே முறை.

பால் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். இமையை விலக்கிப் பிடித்துக்கொண்டு தூய நீரை 15 முதல் 20 நிமிடம் வரை ஊற்றிக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடுதல் கூடாது.

தரையில் உறங்குவோரும் கட்டுவிரியனும்

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டுமே படிக்க நேரம் உள்ளவர் இப்பகுதியைப் படிக்கவும்.

இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் இறப்புகளுக்குப் பெரும்பாலும் காரணமாகும் நான்கு பாம்புகள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது. அதன் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடத்தில் வீக்கமோ குருதியோ பெரும்பாலும் இராது. சிலருக்குக் கடிவாயே தென்படாது. எறும்போ கொசுவோ கடித்ததாக எண்ணித் திரும்பிப் படுத்துவிடுவோரும் உண்டு.

பின்னர்த் தோன்றும் அறிகுறிகளை நினைவில் வையுங்கள். நள்ளிரவிலோ விடியற்காலையிலோ காரணமின்றிக் கடும் வயிற்று வலி, குமட்டல், வாந்தி வரும். அதன்பின் கண்ணிமைகள் தாழும். எவ்வளவு முயன்றாலும் கண்ணை முழுதும் திறக்க இயலாது. பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சுக் குழறும், எச்சிலை விழுங்க இயலாது, கழுத்துத் துவளும். இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இரவு உண்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, தூக்கக் கலக்கம் என்றோ எண்ணிக் காத்திருக்கும் நேரமே இங்கு உயிரைப் பறிக்கிறது. தரையில் உறங்கியவருக்கு வயிற்று வலியுடன் இமையும் தாழுமாயின், பாம்பைக் கண்டாலும் காணாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

விரைவு ஏன் தேவை என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைக்கிறது. நச்சுமுறிவு மருந்து குருதியில் சுற்றிவரும் நஞ்சைப் பிணைத்து அகற்றும். சிதைந்துவிட்ட நரம்பு முனையை அது சீராக்காது. அந்நரம்புகள் தாமாகத் தேறச் சில நாள்கள் ஆகும். அதுவரை செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் நோயாளியைக் காக்க வேண்டும். உரிய நேரத்தில் அக்கருவி கிடைத்தவர்களில் மிகப் பலர் முழுமையாகத் தேறி வீடு திரும்புகின்றனர்.

கடிபட்டவரை அமைதிப்படுத்தி, நடக்கவிடாமல் படுக்கவையுங்கள். கடிபட்ட உறுப்பை முறிந்த எலும்பைக் கட்டுவதுபோலச் சட்டம் வைத்து அசையாமல் நிறுத்துங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை பூசுதல், மந்திரிக்க அழைத்துச் செல்லுதல் ஆகிய எதனையும் செய்யாதீர்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு வரவும் தேவையில்லை. நம் நாட்டில் வழங்கப்படும் நச்சுமுறிவு மருந்து மேற்கண்ட நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. அம்மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சைச் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் எடுத்து வழங்கி வருகிறது என்பது தமிழ்நாட்டார் பலரும் அறியாத செய்தி.

108 என்னும் எண்ணை அழைக்கும்போதே பாம்புக்கடி என்று சொல்லிவிடுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவமனை, அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் எது உங்கள் கூடாரத்துக்கு அருகில் உள்ளது என்பதை முன்பே அறிந்து வையுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆணையிட்டுள்ளது. ஒவ்வொரு கடியும் பதிவாவதால் எங்கு மருந்து மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது தெரியவரும்.

இவ்வளவு அச்சத்துக்கும் தடுப்பு மிக எளிது. அடித்தளமும் சுவரும் ஒன்றாகத் தைக்கப்பட்ட கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடி உறங்கினால் கட்டுவிரியன் உள்ளே வர வழியில்லை. புழுக்கம் தாங்காமல் வாயிலைத் திறந்து வைத்துத் தலையை வெளியே நீட்டி உறங்குவோரும், கூடாரத்தை விட்டுத் தார்ப்பாயில் படுப்போரும் இப்பாதுகாப்பை இழக்கின்றனர். காற்று வேண்டுமெனில் வலைச் சாளரம் உள்ள கூடாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடாரம் இல்லாதவர் கொசுவலையின் விளிம்பைப் பாயின் அடியில் சுற்றிலும் செருகிக்கொள்ளலாம். உணவுத் துணுக்குகள் எலியை ஈர்க்கும், எலி பாம்பை ஈர்க்கும். எனவே எச்சிலைத் தொலைவில் அகற்றுங்கள். இரவில் வெளியே செல்லக் கைவிளக்கும் மூடிய காலணியும் தேவை. காலையில் காலணியை உதறிய பின்னரே அணியுங்கள்.

நீரில் இறங்குமுன்

வெள்ளாறு, கெடிலம், உப்பனாறு ஆகியவை கடலில் கலக்கும் இடங்கள் பார்வைக்கு அமைதியானவை. ஓதம் வற்றும் வேளையில் உட்புறத்து நீர் முழுவதும் அக்குறுகிய வாய் வழியே கடலுக்குள் பாய்வதால், இடுப்பளவு நீரில் நிற்பவரையும் அது இழுத்துச் செல்லும். முகத்துவாரங்களில் குளிக்காதீர்கள். திறந்த கடற்கரையிலும் அலைகளுக்கு நடுவே அலையின்றி, கலங்கி, அகன்ற பட்டையாகத் தெரியும் இடத்தில் நீர் கடலை நோக்கிச் செல்கிறது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைப்படைய வேண்டாம். மிதந்தபடி கை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகலாம். மது அருந்தியவர் கணுக்காலளவு நீரிலும் இறங்கலாகாது. கடலில் இடருற்றோருக்காகக் கடலோரக் காவல் படையின் 1554 என்னும் எண் உள்ளது.

கடல் நீரின் உப்பைக் கழுவ ஆற்றில் குளிக்கலாம் என்று எண்ணுவோர், சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கொள்ளிடம், பழைய கொள்ளிடம் நீர்நிலைகளில் முதலைகள் வாழ்வதை அறிய வேண்டும். ஊருக்குள் வந்து பிடிபடும் முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது வழக்கம். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், அந்தி முதல் விடியல் வரை எந்த இடத்திலும் கரையோரம் குனிந்து பாத்திரம் கழுவுவதையும் தவிர்க்கவும்.

திருக்கை, கெளுத்தி முதலிய மீன்களின் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 40 முதல் 45 பாகை செல்சியசுக்குள், வெந்நீரில் அவ்வுறுப்பை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். சூட்டை முதலில் உதவி செய்பவர் தம் கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் வலி தணிந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். சொறி மீன் தீண்டினால் தேய்க்காமல் கடல் நீரால் கழுவி, ஒட்டியுள்ள இழைகளை இடுக்கியால் எடுக்கவும். கரைவலையில் ஒதுங்கிய கடற்பாம்பைத் தொடாதீர்கள். மேலே சொன்ன நச்சுமுறிவு மருந்து அதன் நஞ்சுக்குப் பயன்படாது.

சிப்பியிலும் ஆளியிலும் கால் கிழிபடுவது இக்கழிமுகங்களில் அன்றாடம் நிகழ்வது. ஆயினும் நீரிழிவு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உவர்நீரில் வாழும் சில நுண்ணுயிர்களால் அக்காயம் ஓரிரு நாளிலேயே கொடிய தொற்றாக மாறக்கூடும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு விரைந்து பரவினாலோ கருநீலக் கொப்புளம் தோன்றினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசியை இறுதியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கரையில் திரியும் நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்கவும்.

வெப்பம், நீர், உணவு

கடற்காற்று உடலைக் குளிர்விப்பதாகத் தோன்றினாலும், ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. கத்தரி வெயிலில் மூடிய கூடாரத்தின் உள்ளே வெளியிலும் கூடுதலான சூடு நிலவும். பகலில் குழந்தையையோ முதியவரையோ அதனுள் உறங்க வைக்காதீர்கள். கடலோரக் கிணறுகளிலும் கைக்குழாய்களிலும் உவர்நீர் வருவது இயல்பு. உவர்நீரைக் காய்ச்சினால் கிருமி அழியும், உப்பு நீங்காது. ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் குடிநீரும், சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் உடன் கொண்டு செல்லுங்கள். ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துக் குவளையில் கலக்கும் பழக்கம் சரியன்று. முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில் கலக்கவும். குழப்பம், பிதற்றல், மயக்கம் கண்டால் அது வெப்ப வாதம்: நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

இன்சுலின் போடுவோர் மருந்தை ஈர மணல் பரப்பிய மண்பானையில் மூடி நிழலில் வைக்கலாம். வாகனத்துள் விட்டுச் செல்லக் கூடாது.

கரையில் வாங்கிய மீனைப் பனிக்கட்டியின்றிப் பல மணி நேரம் வைத்திருந்தால், சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். வாங்கியவுடன் சமைத்து, சமைத்தவுடன் உண்ணுங்கள். மீன் குழம்பு மறுநாள் சுவைக்கும் என்பது வீட்டில் உண்மையாகலாம், கூடாரத்தில் அது வயிற்றுப்போக்குக்கு வழி. வலையில் வரும் பேத்தை மீனை எவ்வகையிலும் உண்ணக் கூடாது.

கூடாரத்துக்குள் தீயும் புகையும்

கொசுவை விரட்டத் தேங்காய் மட்டையைப் புகைய விட்டோ, சமைத்து முடித்த கரி அடுப்பையோ கூடாரத்துள் வைத்து உறங்குதல் உயிரிழப்பில் முடியலாம். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; தலைவலியும் தூக்கமும் வந்து, உறக்கத்திலேயே நினைவு தப்பும். கொசுவர்த்திச் சுருளும் நைலான் துணிக்கு அருகில் வேண்டாம். வலைச் சாளரம், முழுக்கைச் சட்டை, தோலில் பூசும் கொசு விரட்டி ஆகியவை போதும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு விரட்டி பூசாமல் வலை மட்டும் பயன்படுத்தவும்.

இந்த எச்சரிக்கை மலைக்குச் செல்வோருக்கு இன்னும் பொருந்தும். கடலோரம் பழகியவர்கள் கல்வராயன் மலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்க் குளிர் தாங்காமல் கரியை உள்ளே கொண்டுவருவதுண்டு. கடலும் மலையும் ஒருங்கே அமைந்த அந்தமானுக்குச் செல்வோர் அங்குள்ள உவர்நீர் முதலை எச்சரிக்கைப் பலகைகளை மதிப்பதுடன், மலேரியாத் தடுப்பு பற்றிப் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

திரும்பி வந்த பின் வரும் காய்ச்சல்

புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. இது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் நோய். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல் வலி தோன்றும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதைப் போன்ற கருத்த பொருக்கு சிலருக்கு இருக்கும். அது அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்புறம், இடுப்புக் கயிறு இறுகும் இடம் எனக் கண்ணில் படாத பகுதிகளில் மறைந்திருப்பதால் தேடிப் பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மருந்தால் இந்நோய் விரைவில் கட்டுப்படும். காலம் தாழ்ந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல் 2 முதல் 30 நாளுக்குள்ளும், டெங்கு 4 முதல் 10 நாளுக்குள்ளும் தோன்றலாம்.

இக்காய்ச்சல்கள் தொடக்கத்தில் ஒன்றைப்போலவே இருக்கும். அவற்றை வேறுபடுத்த மருத்துவருக்கு உதவும் முதற் குறிப்பு உங்களிடம்தான் உள்ளது. ஆகவே தங்கிவந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று, எந்த நாள், எந்த இடத்தில், தரையிலா கூடாரத்திலா தங்கினீர்கள், புதரில் அமர்ந்தீர்களா, தேங்கிய நீரில் நடந்தீர்களா என்பதைக் கேட்குமுன்னரே சொல்லுங்கள். ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணில் ஆலோசனை பெறலாம். உங்களுடன் அதே இடத்தில் தங்கிய மற்றவர்களுக்கும் அன்றே செய்தி தெரிவித்து, அவர்களுக்குக் காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள்.